கணிப்பொறிக்கு அனுப்பியது வந்து சேராதது ஏன்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

ஒரு பொருள் நாள்தோறும் கெட்டே கிடந்தால் அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. ஒரு நாள் நன்றாக ஓடி, மறுநாள் நின்று, மூன்றாம் நாள் யாரும் தொடாமலே மீண்டும் ஓடுகிறதே, அதுதான் பெருந்தொல்லை. நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் சென்ற ஆண்டு நடந்தது இத்தகைய தொல்லையே. அதைத் தேடிப் போனபோது நாங்கள் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம். பெரிய அலுவலகங்களிலும் இதே தொல்லைதான் இருக்கிறது என்று பின்னர் தெரிந்துகொண்டோம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் அறையில் 24 கணிப்பொறிகள் உள்ளன. ஆசிரியையின் மேசையருகே உள்ள சர்வர் என்னும் தலைமைக் கணிப்பொறி வெள்ளிக்கிழமைதோறும் மாலை 6 மணிக்கு மற்ற 24க்கும் புதிய மென்பொருளைத் தானே அனுப்பும். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் இருபது கணிப்பொறிகளில் புதியது இருக்கும். மூன்று நான்கில் பழையதே இருக்கும். எவை அந்த மூன்று நான்கு என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

எங்கள் தோழி ஒருத்தி ஜவ்வாது மலைமேல் உள்ள சிற்றூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு ஒதுக்கப்பட்டது 18ஆம் எண் கணிப்பொறி. வேறொரு கணிப்பொறியில் அவள் முடித்து வைத்த படம் 18இல் திறக்கவில்லை. அங்கே பழைய மென்பொருள் இருந்ததே காரணம். ஆனால் அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. “நீ எதையோ அழுத்திவிட்டாய்” என்றோம். ஆம், நாங்களே சொன்னோம். இரண்டாம் முறையும் அப்படியே நடந்தபோது அவள் எழுந்து பின்வரிசையில் போய் நின்றுகொண்டாள். “நான் தொட்டாலே கெட்டுப்போகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் செய்யுங்கள்” என்றாள். செய்முறைத் தேர்வுக்கு அப்போது ஆறு வாரங்களே இருந்தன.

எங்களில் ஒருத்தியின் அண்ணன் ஆரணியில் ஓர் அலுவலகத்தில் 60 கணிப்பொறிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் விடுமுறைக்குச் சந்தவாசலுக்கு வந்திருந்தபோது எங்கள் தொல்லையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “எந்தக் கணிப்பொறி, எந்தத் தேதி, என்ன எண் காட்டியது? இந்த மூன்றும் எழுதி வைத்திருக்கிறீர்களா தங்கச்சி?” என்று கேட்டார். நாங்கள் ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. “அப்படியானால் உங்களிடம் இருப்பது புகார்தான். எட்டு வாரம் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார். தேர்வுக்கு ஆறு வாரமே இருக்கிறது என்று எண்ணி நாங்கள் சற்று மனம் சோர்ந்தோம். பிறகுதான் சர்வர் தன் பழைய குறிப்புகளை அழிக்காமல் வைத்திருக்கிறது என்று ஆசிரியை சொன்னார்கள். முன்பு நடந்த வாரங்களை அதிலிருந்தே நகல் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் குறிப்புகளுக்குள் செல்லுமுன், ஒரு மென்பொருள் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். முற்காலத்தில் இதற்கு ஓர் ஆள்தான் வழி. 1995இல் வந்த விண்டோஸ் 95ஐ ஃபிளாப்பித் தட்டுகளில் வாங்கினால் 13 தட்டுகள். அலுவலகத்தில் 60 கணிப்பொறி இருந்தால் ஒருவர் அந்த 13ஐயும் ஏந்திக்கொண்டு 60 மேசைக்கும் போக வேண்டும்! இந்த நடையை மிச்சப்படுத்தவே ஓரிடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் அனுப்பும் முறை வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்வேலைக்கென்றே 1994இல் ஒரு மென்பொருளை வெளியிட்டது. 2003 அக்டோபர் முதல் அந்நிறுவனம் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைத் திருத்தங்கள் அனுப்பும் நாளாக வைத்துக்கொண்டுள்ளது. அமெரிக்காவின் செவ்வாய்க் காலை நமக்குச் செவ்வாய் இரவு. ஆகையால் இங்குள்ள அலுவலகங்களுக்குப் புதன்கிழமைதான் சோதனை நாள் என்றார் அண்ணன்.

அனுப்புதல் என்பது ஒரே செயலன்று. சர்வர் முதலில் அந்தக் கணிப்பொறி இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே நுழைய அனுமதி பெற வேண்டும். கோப்பை நகலெடுக்க வேண்டும். அங்கே அதை ஓடச் செய்ய வேண்டும். முடிவில் அந்தக் கணிப்பொறி “முடிந்தது” என்றோ “முடியவில்லை” என்றோ ஓர் எண்ணால் பதில் சொல்ல வேண்டும். இவற்றுள் எந்த இடத்தில் தடை நேர்ந்தாலும் சர்வரின் திரையில் ஒரே சிவப்புப் புள்ளிதான் தெரியும். நாங்கள் இத்தனை நாளும் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்மேல் சுட்டியை வைத்தால் எண் தெரியும் என்று யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

எட்டு வெள்ளிக்கிழமை, 24 கணிப்பொறி. ஆக 192 முறை அனுப்பப்பட்டதில் 26 சிவப்புப் புள்ளிகள். அவற்றை எண்வாரியாகப் பிரித்தபோது வகுப்பே வியந்தது.

ஏழு புள்ளிகள் தோல்வியே அல்ல! அவை காட்டிய எண் 3010. விண்டோஸ் நிறுவும் முறையில் 0 என்றால் வேலை முடிந்தது என்று பொருள். 3010 என்றாலும் வேலை முடிந்தது என்றுதான் பொருள். ஆனால் கணிப்பொறியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் சர்வரோ 0 தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சிவப்பு இடும்படி அமைக்கப்பட்டிருந்தது. இங்கே ஓர் ஐயம் எழும். நாங்கள்தான் தினமும் மாலையில் அணைத்து மறுநாள் போடுகிறோமே, அது போதாதா? போதாது. விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாக எழ வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் செய்தாலும் அதன் உட்கருவை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும் ஏற்பாடு உண்டு. மறுநாள் அது புதிதாகப் பிறப்பதில்லை, தூக்கத்திலிருந்து எழுகிறது. ரீஸ்டார்ட் என்று கொடுத்தால்தான் உண்மையில் முதலிலிருந்து தொடங்கும். இதை வீட்டில் சொன்னபோது எங்களை யாரும் நம்பவில்லை.

மூன்று புள்ளிகள் 1618. வேறொன்றை நிறுவிக்கொண்டிருக்கிறேன், பிறகு வா என்பது அதன் பொருள். ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள்களை நிறுவ விண்டோஸ் இடங்கொடாது. நம் நாட்டிலேயே, சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸிலும் இதே கட்டுப்பாடு உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் அது இருந்ததை நம் அக்காமார் சிலர் நினைவு வைத்திருப்பார்கள். அதில் ஒரு நிறுவல் நடக்கும்போது பூட்டுக் கோப்பு ஒன்று போடப்படும். பூட்டு இருக்கும்வரை அடுத்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். எனவே 1618க்கு மருந்து, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்புவது ஒன்றே.

இரண்டு புள்ளிகள் 1603. இது மிகப் பொல்லாத எண். “பெருந்தவறு நேர்ந்தது” என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அப்போது பதிவுக் கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். பக்கம் பக்கமாக ஓடும் அதில் மூன்று மதிய இடைவேளைகள் செலவழித்தோம். இரண்டுமே 5ஆம் கணிப்பொறி. வட்டில் இடமில்லை! காரணம், முந்தைய ஆண்டு விழாவின் கரகாட்டக் காணொளி நான்கு வெவ்வேறு பெயர்களில் நான்கு மடிப்புகளில் இருந்தது. யார் நகலெடுத்தார்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

முகவரி தவறுவதும் உண்டு. எங்கள் அறையில் அது நேரவில்லை. அண்ணன் அலுவலகத்தில் அடிக்கடி நேரும். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு பெயரும் ஒரு முகவரி எண்ணும் உண்டு. பெயர் நிலையானது. முகவரி வாடகை வீடுபோல் சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கப்படுவது. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று ஒரு பதிவேடு இருக்கும். விடுதியில் பெண்கள் அறை மாறிய பிறகும் பழைய பட்டியலைப் பார்த்துக் கடிதம் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் அங்கும் ஆகிறது. கையில் எடுத்துச் செல்லும் மடிக்கணினிகள் உள்ள அலுவலகத்தில் இது சாதாரணம். அதனால் அண்ணன், அனுப்புமுன் அந்த முகவரியில் உள்ளவரிடம் “உன் பெயர் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டே அனுப்பச் செய்திருக்கிறாராம்.

இனி 14 புள்ளிகள் மீதம். அவற்றுள் இரண்டு 11ஆம் எண்ணுக்கு உரியவை. மற்ற 12ம் 17, 18, 19, 20 ஆகிய நான்கு கணிப்பொறிகளுக்கே உரியவை. அதுவும் மூன்று வெள்ளிக்கிழமைகளில் மட்டும். அந்த மூன்று நாளும் நான்கும் சேர்ந்தே தவறியிருந்தன. இவற்றுக்கு எண்ணே இல்லை. “அடைய முடியவில்லை” என்று மட்டும் இருந்தது.

இந்த நான்கும் சன்னல் ஓர வரிசை. நான்குக்கும் ஒரே மின் இணைப்புப் பலகை. எனவே மின்சாரமே காரணம் என்று ஊகித்தோம். ஆனால் மின்தடை என்றால் அறை முழுதும் அல்லவா அணைந்திருக்கும்? அதுவும் மூன்று நாள் மட்டும் ஏன்? எங்களில் ஒருத்தி தன் நாட்குறிப்பை எடுத்துத் தேதிகளைப் பார்த்தாள். மூன்றில் இரண்டு நாட்களுக்கு நேரே “மழை, பஸ் தாமதம்” என்று எழுதியிருந்தாள். ஆவணி, புரட்டாசியில் நம் மலையடிவாரத்தில் மாலையானால் இடி மின்னலோடு மழை வருவதை எல்லோரும் அறிவோம். ஆயாம்மாவிடம் போய்க் கேட்டோம்.

“இடி இடிக்கும்போது பிளக்கைப் புடுங்காம எப்படிம்மா உடுறது? சன்னல் பக்கம் சாரல் வேற அடிக்குது. எங்க ஊட்ல டிவி அப்படித்தான் எரிஞ்சு போச்சு” என்றார்கள்.

எங்களுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. ஆயாம்மா செய்தது தவறே அன்று. இடியின்போது மின்கருவிகளின் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் நாங்களே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அவர்களிடம் “இனிமேல் பிடுங்காதீர்கள்” என்று சொல்லலாம் என ஒரு தோழி கூறியபோது மற்றவர்கள் ஒப்பவில்லை. சாரல் அடிக்கும் பலகையில் மின்சாரம் ஓட விட்டு மென்பொருள் வர வேண்டுமா என்ன?

தூங்கும் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து எழுப்ப ஒரு வழி உண்டு என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கணிப்பொறியின் வலைப்பின்னல் அட்டைக்கும் பிறவியிலேயே 6 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண் உண்டு. முதலில் ஒரே மாதிரியான 6 பைட்டுகளை அனுப்பி, பின் அந்த அடையாள எண்ணை 16 தடவை திருப்பித் திருப்பிச் சொன்னால் அது எழுந்துகொள்ளும். ஆக 102 பைட். உறங்குகிறவளைப் பதினாறு தடவை பெயர் சொல்லி எழுப்புவது எங்கள் விடுதியிலும் நடக்கிறதுதான்! ஆனால் பிளக்கையே பிடுங்கிவிட்டால் அந்த அட்டையின் காதும் அடைத்துப் போகும். எவ்வளவு அழைத்தாலும் பயனில்லை.

எனவே தலைகீழாக மாற்றினோம். சர்வர் அனுப்புவதற்குப் பதில், ஒவ்வொரு கணிப்பொறியும் காலையில் எழுந்ததும் “எனக்குப் புதிதாக ஏதேனும் உண்டா?” என்று சர்வரைக் கேட்க வேண்டும். வீடுவீடாகப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், வீட்டுக்காரர் தாமே கடைக்கு வந்து வாங்கிப்போவதற்கும் உள்ள வேறுபாடுதான். ஆசிரியையும் அண்ணனும் சேர்ந்து இதை அமைத்தார்கள். முதல் திங்களன்று 24ம் ஒரே நேரத்தில் கேட்டதால் வலைப்பின்னல் திணறி, முதல் பாடவேளை வீணாயிற்று. பிறகு ஒவ்வொன்றும் அரைமணிக்குள் ஏதோ ஒரு நிமிடம் காத்திருந்து கேட்கும்படி மாற்றியபின் சரியாயிற்று.

அடுத்து ஒரு வெள்ளிக்கிழமை நல்ல இடி. திங்களன்று 17, 19, 20 மூன்றும் புதியதைப் பெற்றுக்கொண்டன. 18 மட்டும் பெறவில்லை.

எங்கள் தோழி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவள் முகம் போன போக்கை நாங்கள் பார்த்தோம். அன்று பாடம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. அவளை 18இன் முன் உட்காரச் சொன்னோம்; எண்ணைப் படிக்கச் சொன்னோம். அவள்தான் அதைக் கண்டாள். திரையின் மூலையில் தேதி ஜனவரி 1 என்று இருந்தது, அதுவும் பல ஆண்டுகளுக்கு முந்தையது.

கணிப்பொறிக்குள்ளே சிறு நாணயம் போன்ற ஒரு பாட்டரி உண்டு. 3 வோல்ட்; பெயர் சி.ஆர். 2032. பிளக்கைப் பிடுங்கியிருக்கும்போதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதன் வேலை. அது தீர்ந்துபோனால், பிளக் இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது; பிடுங்கினால் கணிப்பொறி நாளை மறந்துவிடும். சர்வரோ, தன் கடிகாரத்துக்கும் வந்தவரின் கடிகாரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே விடாது. பழைய அனுமதிச் சீட்டைத் திருடி வைத்துக்கொண்டு பின்னொரு நாள் யாரும் நுழையாதிருக்க அது ஒரு காவல். திங்கள் மாலைக்குள் யாராவது தேதியைத் திருத்திவிடுவோம். உடனே குற்றமும் மறைந்துவிடும். ஆக, 18இல் இரண்டு நோய்கள் ஒன்றின்பின் ஒன்றாக ஒளிந்திருந்தன. முதலாவதைத் தீர்த்தபின்தான் இரண்டாவது வெளியே வந்தது.

இதையெல்லாம் சிறு பள்ளியின் சிறு தொல்லை என்று எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை உலகெங்கும் தானியங்கி முறையில் அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39 மணி. அந்தக் கோப்பின் அமைப்பில் 21 இடங்கள் எதிர்பார்க்கப்பட்டன. அதைப் படிக்கும் மென்பொருளிடம் இருந்தவை 20தான். இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் விண்டோஸ் நீலத் திரையோடு விழுந்தது. அனுப்புமுன் சோதிக்கும் கருவியிலும் பிழை இருந்ததால் அது பிடிபடவில்லை. 10.57க்குள், அதாவது 78 நிமிடத்தில், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். விழுந்த கணிப்பொறிக்கு மருந்தைத் தானாக அனுப்பவும் வழியில்லை, அதுதான் எழவே மாட்டேன் என்கிறதே! ஒவ்வொரு மேசைக்கும் ஆள் போய், பாதுகாப்பு நிலையில் எழுப்பி, 291 என்னும் எண் கொண்ட அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கத் திறவு எண்ணை வேறு தட்டச்சு செய்ய வேண்டும். ஃபிளாப்பி ஏந்திய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்த 78 நிமிடமும் அணைந்து கிடந்த கணிப்பொறிகள் தப்பித்துக்கொண்டன. இதை ஆயாம்மாவிடம் சொன்னபோது அவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பியது தவறு என்பது அண்ணனின் கருத்து. அந்நிறுவனமும் அதன்பின் சிறிது சிறிதாக அனுப்பும் முறைக்கு மாறியது. அண்ணன் தம் அலுவலகத்தில் முதலில் ஐந்து கணிப்பொறிகளுக்கு அனுப்பி ஒரு நாள் காத்திருப்பார். அந்த ஐந்தில் ஒன்று அவருடையதே. சமைத்தவரே முதலில் உப்புப் பார்க்க வேண்டும் அல்லவா? எங்கள் அறையிலும் இப்போது ஆசிரியையின் கணிப்பொறியும், 1, 2ஆம் எண்களும் முதலில் பெறுகின்றன, மற்றவை மறுநாள்.

போளூர்க் கடைவீதியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் அந்தப் பாட்டரியை வாங்கி வந்தோம். பிளக்கைப் பிடுங்கி, 18இன் பக்க மூடியைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டவள் எங்கள் மலைத்தோழிதான். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லுமுன்பே அவள் அப்படி வைத்திருந்தாள். செய்முறைத் தேர்வில் அவள் 18இலேயே அமர்ந்தாள்.

குறிப்பேடு இன்னும் கதவருகே நூலில் தொங்குகிறது. 11ஆம் எண் மட்டும் இரு முறை ஏன் தவறியது என்று இதுவரை எங்களுக்கு விளங்கவில்லை. வயரை மாற்றினோம், இணைப்பு முனையை மாற்றினோம். இரண்டும் வெவ்வேறு கிழமைகளில் மறுபடி அனுப்பியபோது நன்றாகவே சென்றன. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து வரும் தங்கைகளுக்காக அதற்கு ஒரு பக்கம் வெற்றாக விட்டு வைத்திருக்கிறோம்.